காட்சி என்னும் கலைச்சொல்: திரைப்படக் கல்வியின் அடிப்படைச் சொற்களும் சித்தூர், திருப்பதி வட்டாரச் சான்றுகளும்

முன்னுரை

திரைப்படக் கல்வியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் முதலில் அறிய வேண்டிய கலைச்சொற்கள் மிகப் பல அல்ல. சட்டகம், ஷாட், காட்சி, காட்சித்தொடர், காட்சியமைப்பு, படத்தொகுப்பு ஆகிய ஆறு சொற்களின் பொருளை ஐயமற அறிந்தவர் எந்தத் திரைப்படத்தையும் பகுத்துப் பார்க்கும் தகுதியைப் பெறுகிறார். எனினும் இச்சொற்களைத் தமிழில் கற்பிக்கும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ஆறனுள் மூன்று, 'காட்சி' என்னும் ஒரே சொல்லை அடியாகக் கொண்டவை. ஷாட்டின் வகைகளைக் கூறுமிடத்தும் அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி என அச்சொல்லே ஆளப்படுகிறது. திரையரங்க விளம்பரங்களில் பகற்காட்சி, மாலைக்காட்சி என வருவதும் அதுவே. இறைவன் அடியார்க்குக் 'காட்சி கொடுத்தான்' என்னும் வழக்கிலும் அதுவே பயில்கிறது. ஒரு சொல் இத்தனை பொருளைச் சுமப்பது சொல் வறுமையின் விளைவா, வரலாறு விட்டுச்சென்ற தடயமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வாய்வுக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரம் பொருத்தமான களமாக அமைகிறது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் நிலப்பகுதி இது. தெருக்கூத்தும் நாடக சபையும் திருமலைக் கோயிலும் இப்பகுதி மக்களின் பார்வைப் பழக்கத்தை உருவாக்கியவை. தென்னிந்தியத் திரைப்படம் பிறந்த சென்னை நகரமும் தொலைவில் இல்லை. எனவே திரைச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்குரிய சான்றுகளை இவ்வட்டாரத்தில் தேடுவது பயனுடையதாகும்.

எல்லை வட்டாரமும் இருமொழித் திரையும்

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டில் வட ஆர்க்காட்டின் சில பகுதிகளும் கடப்பை மாவட்டத்தின் சில பகுதிகளும் சேர்ந்து சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் இணைந்தது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறியபோதும் மக்களின் இருமொழி வழக்கு மாறவில்லை.

தொடக்ககாலப் பேசும்படமும் மொழியெல்லை அறியாததாகவே இருந்தது. 1931இல் எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' படத்தில் டி. பி. ராஜலட்சுமி தமிழிலும் உடன் நடித்தவர் தெலுங்கிலும் பேசினர். அக்காலத் தமிழ்ப் படங்கள் பம்பாய், கல்கத்தா முதலிய வெளியூர்ப் படப்பிடிப்பு நிலையங்களில் உருவாயின. 1934இல்தான் ஏ. நாராயணன் சென்னையில் ஒலிப்படப்பிடிப்பு நிலையம் ஒன்றை நிறுவினார். ஸ்ரீனிவாஸா சினிடோன் என்னும் அந்நிலையத்தின் வாயிலாகச் சென்னையிலேயே உருவான முதல் பேசும்படம் 'ஸ்ரீனிவாச கல்யாணம்'. அதன் ஒலிப்பதிவில் நாராயணனின் துணைவியார் மீனாட்சி பங்கேற்றார். சென்னை தானே எடுத்த முதல் பேசும்படத்தின் கதை திருமலை வேங்கடவன் கதை என்பது இங்குக் கருதத்தக்கது.

பின்னர் எழுதப்பட்ட திரைப்பட வரலாறுகள் பெரும்பாலும் மொழிவாரியாக அமைந்தன. தமிழ் வரலாறு தமிழ்ப் படங்களையும், தெலுங்கு வரலாறு தெலுங்குப் படங்களையும் கணக்கிட்டன. இரண்டையும் ஒரே திரையரங்கில் மாறி மாறிப் பார்த்த எல்லைப்புறப் பார்வையாளர் இரு வரலாறுகளிலும் இடம் பெறாமற் போனார். கலைச்சொற்களை ஒப்பிடும்போது அவருடைய வழக்கு மீண்டும் கவனத்துக்கு வருகிறது.

சட்டகமும் ஷாட்டும்

திரைப்படத்தின் மிகச் சிறிய அலகு சட்டகம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளில் ஓரடி நீளத்துக்குப் பதினாறு சட்டகங்கள் அமையும். ஒலிப்படம் நொடிக்கு இருபத்துநான்கு சட்டகம் என்னும் வேகத்தில் ஓடுவதால் 1,000 அடிச் சுருள் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் ஓடும். ஒரு படம் இத்தனை ஆயிரம் அடி என அளந்து கூறும் வழக்கம் இக்கணக்கிலிருந்து பிறந்தது. சட்டகம் ஒன்று அசைவற்ற நிழற்படமே. அடுத்தடுத்து விரைந்து ஓடும் சட்டகங்களே அசைவைத் தோற்றுவிக்கின்றன.

படப்பொறி இடையறவின்றி ஒரு முறை ஓடிப் பதிவுசெய்யும் பகுதி ஷாட் எனப்படும். ஓர் இடத்தில் ஒரு காலத்தொடர்ச்சியில் நிகழ்வது காட்சி. அது ஒரே ஷாட்டாகவும் இருக்கலாம், ஐம்பது ஷாட்டுகளாகவும் இருக்கலாம். பல காட்சிகள் ஒரு கருத்தால் இணைவது காட்சித்தொடர். ஷாட்டுக்கும் காட்சிக்கும் உள்ள இவ்வேறுபாடே திரைப்படத்தை நாடகத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. நாடகத்தில் காட்சி உண்டு, ஷாட் இல்லை. பார்வையாளர் அமர்ந்த இருக்கையே அவர் பார்வையின் எல்லை. திரைப்படத்திலோ பார்க்கும் இடம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது.

ஆகவே அண்மைக் காட்சி என்னும் தொடர் அடிப்படையிலேயே குழப்பத்தை விளைவிப்பது. அத்தொடர் குறிப்பது ஷாட்டின் ஒரு வகையையே. ஒரு காட்சியில் எத்தனை அண்மைக் காட்சிகள் உள்ளன என வினவும்போது அவ்வினாவே மாணவரைத் தடுமாறச் செய்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் பணிபுரிவோர் ஷாட், டேக், கட், குளோசப் என்னும் சொற்களையே தமிழாக்கிக்கொண்டு பிழையின்றி வழங்குவதும் இக்காரணம் பற்றியே எனலாம். வெளியூர்த் தொழில்நுட்பக் கலைஞரோடு பணிபுரிந்த தொடக்ககாலச் சூழலும் இவ்வழக்கை வலுப்படுத்தியது எனக் கருத இடமுண்டு. 1936 முதல் 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாதவர்.

காட்சி: சொல்லின் வரலாறு

காட்சி என்பது காண் என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். தொல்காப்பியப் புறத்திணையியலில் அது நடுகல் நடும் முறையின் முதற்படியைக் குறிக்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் ஒரு காதை காட்சிக் காதை எனப் பெயர் பெறுகிறது. அளவையியலில் நேரிற் கண்டறியும் அறிவு காட்சி எனப்படும். சமய வழக்கில் அது இறைவனின் திருக்காட்சி. இவ்வழக்குகளுள் காண்போர், காணப்படும் பொருள் ஆகிய இரண்டையும் ஒருங்கே தழுவி நிற்பது இச்சொல்லின் இயல்பாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டு முறையைத் தழுவிய நாடகம் அங்கம், காட்சி எனப் பகுக்கப்பட்டபோது இச்சொல் புதிய தொழில்நுட்பப் பொருளைப் பெற்றது. பேசும்படம் நாடகக் கம்பெனிகளிலிருந்து கதையையும் நடிகரையும் பாடலையும் பெற்றுக்கொண்டபோது காட்சி என்னும் சொல்லையும் பெற்றுக்கொண்டது.

நாடகச் சொல் திரைக்கு வருவது தமிழுக்கு மட்டும் உரிய நிலையன்று. காட்சிக்கு ஆங்கிலம் வழங்கும் 'சீன்' என்னும் சொல், கூடாரத்தையும் மேடைக்குப் பின்னுள்ள அறையையும் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காட்சியமைப்பைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'மீசான்சேன்' என்னும் தொடருக்கு மேடையில் அமைத்தல் என்பதே பொருள். ஆனால் படத்தொகுப்பைக் குறிக்கும் 'மாண்டேஜ்' என்னும் சொல், பொறியின் உறுப்புகளைப் பொருத்துதல் என்னும் பொருளுடையது. அது தொழிற்கூடத்தின் சொல். ஆகவே மேலைநாட்டுத் திரைச்சொற்களில் மேடை, தொழிற்கூடம் என்னும் இரு மூலங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழில் மேடையோடு கோயிலும் ஒரு மூலமாகச் சேர்ந்துகொள்கிறது. இதுவே நம் கலைச்சொல் வரலாற்றின் தனித்தன்மை.

திரை என்னும் சொல்லும் இவ்வாறே நோக்கத்தக்கது. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் குறிப்பிடுகிறது. தெருக்கூத்தில் வேடம் புனைந்தோர் இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று ஆடிப் பின்னரே அவையோர்க்கு முகம் காட்டுவர். மறைப்பதற்குப் பயன்பட்ட துணி, திரைப்படத்தில் காட்டுவதற்குரிய பரப்பாயிற்று. ஆயினும் மறைத்துப் பின் காட்டுதல் என்னும் பழைய உத்தி அழியவில்லை. கால், கை, முதுகு எனக் காட்டி இறுதியில் நாயகனின் முகத்தைக் காட்டும் அறிமுக ஷாட்டுகளில் கூத்தின் திரைவரவு உயிரோடு இருக்கிறது.

மேடையிலிருந்து திரைக்கு: சித்தூர் வி. நாகையா

இம்மாற்றத்தை ஒருவர் வாழ்வில் காண விரும்பினால் சித்தூர் வி. நாகையாவைக் காணலாம். 1904இல் குண்டூர் மாவட்டத்து ரேபல்லேயில் பிறந்த அவருக்குச் சித்தூர் என்னும் முன்னொட்டு அவர் நாடகம் பயின்ற ஊரால் வந்தது. சித்தூர் ராம விலாச சபையின் மேடையில் பாடியும் நடித்தும் பயிற்சி பெற்ற அவர் 1938இல் 'கிருகலட்சுமி' வாயிலாகத் திரைக்கு வந்தார். 'வந்தே மாதரம்', 'சுமங்கலி', 'தேவதா' முதலிய தெலுங்குப் படங்களில் பி. என். ரெட்டியுடன் பணியாற்றினார். 1941இல் வெளிவந்த தமிழ்ப் படமான 'அசோக் குமார்' என்பதில் எம். கே. தியாகராஜ பாகவதருடன் அசோக மன்னராக நடித்தார். 'பக்த போதனா', தாமே இயக்கிய 'தியாகய்யா', 'யோகி வேமனா' ஆகிய படங்களில் அடியாராக வாழ்ந்து காட்டினார். 1948இல் தமிழில் 'சக்ரதாரி' வந்தது. 1953இல் 'என் வீடு' என்னும் படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் இயக்கினார்.

மேடைக் கலைஞர் தம் குரலைக் கடைசி வரிசைக்கும் எட்டச் செய்ய வேண்டியவர். முகபாவமும் அதற்கேற்ப மிகுந்திருக்கும். படப்பொறி அருகில் வந்து முகத்தைக் காட்டும்போது அம்மிகை தேவையற்றதாகிறது. நாகையாவின் அடியார் வேடங்கள் அடங்கிய குரலாலும் குறைந்த அசைவாலும் நினைக்கப்படுபவை. அண்மை ஷாட் என்னும் கலைச்சொல்லின் பொருளை விளக்க இவ்வேடங்களினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மேடையில் பக்தி வெளிப்பட்டது பாடலால். திரையில் அது பாடலோடு பாடும் முகத்தாலும் வெளிப்பட்டது.

படத்தொகுப்புக்குரிய சான்றை, நாகையா இராணாவாக நடித்த 'மீரா' (1945) தருகிறது. டங்கன் இயக்கிய அப்படத்தில் சிறுமி மீரா ஒரு பாடலின் ஓட்டத்திலேயே வளர்ந்த மீராவாக மாறுகிறாள். மேடையில் இம்மாற்றத்துக்குத் திரை விழ வேண்டும், அல்லது ஒருவர் வந்து ஆண்டுகள் கடந்தன என உரைக்க வேண்டும். திரைப்படத்தில் ஷாட்டுகளின் இணைப்பே காலத்தைக் கடத்திவிடுகிறது. இடையறாத பாடல் அவ்விணைப்பைத் தாங்குகிறது. காலச்சுருக்கம் என்னும் கருத்தை மாணவர்க்கு உணர்த்த வெளிநாட்டு எடுத்துக்காட்டைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

திருமலைப் படங்களும் எதிர்முக ஷாட்டும்

வேங்கடவன் கதை 1939இல் பி. புல்லய்யாவின் இயக்கத்தில் 'பாலாஜி' எனத் தெலுங்கில் வந்தது. சி. எஸ். ஆர். ஆஞ்சநேயுலு வேங்கடவனாகவும் சாந்தகுமாரி பத்மாவதியாகவும் நடித்தனர். அதே இயக்குநர் 1960இல் அக்கதையை 'ஸ்ரீ வேங்கடேஸ்வர மகாத்மியம்' என மீண்டும் எடுத்தார். என். டி. ராமராவ் வேங்கடவனாக நடித்தார். இப்படத்தில் இறைவனைப் போற்றும் பாடகராகக் கண்டசாலாவே திரையில் தோன்றுகிறார். பொதுவாகக் குரலுக்குரியவர் மறைந்திருக்கும் மரபில் இது அரிய விலக்கு.

இத்தகைய படங்களின் காட்சியமைப்பில் இறைவன் படப்பொறியை நேர்நோக்கி நிற்கிறான். இதனை எதிர்முக ஷாட் எனலாம். கீதா கபூர் 'சந்த் துக்காராம்' (1936) படத்தை முன்வைத்து இவ்வெதிர்முகத் தன்மையை ஆராய்ந்தார். எம். மாதவ பிரசாத் தரிசனம் என்னும் கோயில் வழக்கோடு இந்தியத் திரைப்படத்தின் பார்வை முறையைத் தொடர்புபடுத்தினார். கோயிலில் அடியவர் இறைவனைக் காண்பதோடு இறைவனும் தம்மைக் காண்பதாக உணர்கிறார். எதிர்முக ஷாட் இவ்வுறவைத் திரையரங்குக்குக் கொண்டுவருகிறது. கதைக்குள் நிற்கும் அடியவரும் இருக்கையில் அமர்ந்த பார்வையாளரும் ஒரே பார்வைக் கோட்டில் வந்துவிடுகின்றனர்.

இங்குப் படத்தொகுப்பின் அடிப்படைக் கொள்கை ஒன்றையும் இணைத்துக் காணலாம். 1920ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் மாறாத முகத்தை வெவ்வேறு பொருள்களின் ஷாட்டுகளோடு இணைத்துக் காட்டினார் என்பர். முகம் மாறாதபோதும் பார்த்தோர் அதில் பசியையும் துயரையும் கண்டனர். பக்திப் படங்களில் சிலையின் முகம் அத்தகைய மாறாத முகமே. துயருறும் அடியவரின் ஷாட்டுக்குப் பின் அது அருள்கிறது. செருக்குற்றவரின் ஷாட்டுக்குப் பின் சினக்கிறது. கல் மாறவில்லை, மாறியது இணைப்பு.

வெளிப்புறப் படப்பிடிப்புக்குச் சான்றாக ஏ. பி. நாகராஜனின் 'திருமலை தென்குமரி' (1970) என்னும் தமிழ்ப் படத்தைக் கொள்ளலாம். பேருந்தில் தலயாத்திரை செல்லும் குழுவின் கதை அது. உண்மைக் கோயில்களின் கோபுரங்களும் தெருக்களும் அதில் இடம்பெறுகின்றன. புராணப் படத்தில் திருமலை, கலை இயக்குநர் கட்டிய அரங்கு. பயணப் படத்திலோ அது சென்று சேரும் ஊர். முன்னதில் இறைவன் காட்சி தருகிறான்; பின்னதில் பயணி காட்சி காணச் செல்கிறார். காட்சி என்னும் ஒரே சொல் இரு வேறு காட்சியமைப்பு முறைகளை இயக்குகிறது.

எதிர்முக ஷாட்டின் விளைவு திரையோடு நின்றுவிடவில்லை. திருமலைக்குச் சென்ற யாத்திரிகர் சென்னைக்கும் வந்து ராமராவை அவர் இல்லத்தில் கண்டு சென்றது பரவலாக அறியப்பட்ட செய்தி. 1982இல் கட்சி தொடங்கிய அவர் 1983 தேர்தலில் வென்ற இரு தொகுதிகளுள் திருப்பதியும் ஒன்று. 2008இல் நடிகர் சிரஞ்சீவி தம் கட்சியைத் திருப்பதியில் தொடங்கி 2009இல் அத்தொகுதியிலேயே வெற்றி பெற்றார். தேர்தல் வெற்றிக்குக் காரணங்கள் பல; ஒரு ஷாட்டின் அமைப்பால் மட்டும் வாக்கு விழுவதில்லை. ஆயினும் பார்வையாளர் ஒருவர் முன் எவ்வாறு நிறுத்தப்படுகிறார் என்பதைப் பகுத்தறியாதவர் இவ்வரலாற்றின் ஒரு பகுதியை அறியாதவரே ஆவார். அடிப்படைக் கலைச்சொற்கள் தேர்வுக்குரிய மனப்பாடப் பொருள் மட்டும் அல்ல என்பதை இது உணர்த்துகிறது.

தமிழும் தெலுங்கும்: சொல் ஒப்பீடு

இரு மொழிகளும் ஒரே தொழிலை எவ்வாறு பெயரிட்டன என்பது சுவையான செய்தி. படத்தை உருவாக்குபவரைத் தமிழ் 'இயக்குநர்' என்கிறது. ஈழத் தமிழில் 'நெறியாளர்' எனவும் வழங்குவர். தெலுங்கு 'தர்சகுடு' என்கிறது. முன்னது அசைவைக் குறிக்கும் சொல். சினிமா என்னும் சொல்லின் கிரேக்க மூலமும் அசைவையே குறிக்கிறது. பின்னது பார்வையைக் குறிக்கும் வடசொல்லடியாகப் பிறந்தது. அதே அடியிலிருந்து வந்த 'தர்சக்' என்னும் சொல் இந்தியில் பார்வையாளரைக் குறிக்கிறது. காட்டுபவர், காண்பவர் இருவருக்கும் ஒரே வேர்ச்சொல் இடம் தருகிறது. தமிழில் காட்சி என்னும் சொல்லின் நிலையும் இதுவே.

பின்னணிப் பாடகரைத் தெலுங்கு 'நேபத்ய காயகுடு' என்கிறது. நேபத்யம் என்பது வடமொழி நாடக மரபில் திரைக்குப் பின்னுள்ள ஒப்பனை இடம். படத்தொகுப்பு தெலுங்கில் 'கூர்ப்பு'. கோத்தல், இணைத்தல் என்னும் பொருளுடையது. தமிழ்த் 'திரை' தெலுங்கில் 'தெர'; வெள்ளித்திரை 'வெண்டிதெர' ஆகிறது. பேச்சு வழக்கில் தெலுங்கர் திரைப்படத்தைப் 'பொம்ம' என்றும் கூறுவர். அச்சொல் தோற்பாவைக் கூத்தின் பெயரிலும் உள்ளது. ஒளியின் முன் அசையும் தோல் உருவத்துக்கும் படச்சுருளின் நிழல் உருவத்துக்கும் மக்கள் ஒரே பெயரிட்டனர்.

இவ்வொப்பீட்டில் மிகப் பயனுடையது ஆட்டம் என்னும் சொல். திரையரங்கில் ஒருமுறை படம் ஓடுவதைத் தமிழ்ப் பேச்சு வழக்கு முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்கிறது. தெலுங்கும் மொதடி ஆட, ரெண்டோ ஆட என்கிறது. கூத்தும் பாவையும் ஆடப்பட்ட காலத்துச் சொல் இருமொழியிலும் ஒருங்கே பிழைத்திருக்கிறது. விளம்பர நடை காட்சி என எழுதிய இடத்தில் மக்கள் வழக்கு குழப்பமற்ற வேறு சொல்லைக் காத்து வைத்துள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. காட்சி என்னும் சொல்லின் பொருட்பெருக்கம் சொல் வறுமையால் நேர்ந்ததன்று; மேடையும் கோயிலும் திரைப்படத்துக்கு அளித்த கொடை அது. ஆயினும் கல்வித்துறையில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் வரையறுக்கப்படுதல் வேண்டும். நாடக மரபுப்படி இடமும் காலமும் தொடரும் அலகுக்குக் காட்சி என்பதை நிறுத்திக்கொள்ளலாம். படப்பொறியின் ஒரு பதிவுக்கு, தொழிலாளர் வழக்கில் நிலைபெற்ற ஷாட் என்னும் சொல்லையே ஏற்று, அண்மை ஷாட், சேய்மை ஷாட் என வழங்கலாம். திரையரங்கில் படம் ஓடும் முறைக்கு ஆட்டம் என்னும் மக்கள் சொல் உள்ளது. பார்க்கும் பக்திநிலையைத் தரிசனம் அல்லது திருக்காட்சி எனப் பிரித்துரைக்கலாம். இந்நான்கும் புதிதாக ஆக்கப்பட்ட சொற்கள் அல்ல. ஏற்கெனவே வழக்கில் உள்ளவற்றை ஒழுங்குபடுத்துதலே ஆகும்.

திருப்பதியில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் குப்பத்தில் 1997இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகமும் இவ்வட்டாரத்தில் உள்ளன. தமிழ், தெலுங்குத் திரைச்சொற்களின் ஒப்பீட்டு அகராதி ஒன்று உருவாக இதனினும் ஏற்ற இடம் அரிது. 1930களின் தென்னிந்தியப் படங்களுள் மிகப் பல படச்சுருள் இன்றி அழிந்தன. படம் அழிந்த பின்னும் அதைப் பார்த்தோர் வழங்கிய சொல் நிற்கிறது. அச்சொற்களைத் திரட்டிப் பொருள் வரையறுப்பது திரைப்படக் கல்விக்கு மட்டுமன்றி, இருமொழி மக்கள் கூடிப் பார்த்த ஒரு கலையின் வரலாற்றுக்கும் ஆற்றும் தொண்டாகும்.